ஏரிப் பறவை வேட்டையைக் குறைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி ஊர்க்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை நான்கு நாள் சேர்ந்தாற்போல் பெய்து, ஏரி உள்வாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகு வாத்துகளும் வந்து இறங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே சவுக்குக் கம்புகளும் நரம்பு வலைகளும் வந்துவிடுகின்றன. வீராணம், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, பாகூர் ஏரி, ஊசுட்டேரி என்று பெயர் பெற்றவற்றுக்காவது அவ்வப்போது கவனிப்பு உண்டு. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஊர் ஏரிகளில் என்ன நடக்கிறது என்று கேட்பாரில்லை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஏரியைப் பக்கத்தில் வைத்திருக்கும் இளைஞர் மன்றங்கள், பாசனச் சங்கங்கள், பள்ளி ஆசிரியர்கள், பறவை பார்ப்பவர்கள் ஆகியோருக்கானது.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு என்றதும் இரவில் டார்ச் அடித்து வேட்டைக்காரரைத் துரத்துவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதில் பரபரப்பு அதிகம், பலன் குறைவு, ஆபத்தும் உண்டு. வேட்டையை உண்மையில் குறைப்பவை இரண்டு: காலையும் மாலையும் கரையில் ஆள் நடமாட்டம் இருப்பது, பிடித்த பறவையை வாங்க ஆள் இல்லாமல் போவது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நோக்கிப் போகின்றன.

படி 1: சட்டம் எந்த அளவுக்கு உங்கள் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அட்டவணையில் உள்ள எந்தப் பறவையையும் பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ வேட்டையாடக் கூடாது. நம் ஏரிகளில் காணும் வாத்து, நாரை, கொக்கு, நீர்க்கோழி வகைகள் அந்த அட்டவணைகளுக்குள் வந்துவிடுகின்றன.

‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. கொல்வதோடு பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை போட்டு ஈர்ப்பது, விரட்டி வலைக்குள் தள்ளுவது, முட்டையையும் கூட்டையும் சிதைப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். ‘நான் வலைதான் கட்டினேன், பறவை எதுவும் விழவில்லையே’ என்ற வாதம் செல்லாது.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினமாக இருந்தாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் சரணாலயம். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று உண்டு. ‘ஏரி நீர்வளத் துறையுடையது, எங்களுக்கு அதிகாரமில்லை’ என்று வனத்துறைக் கீழ்நிலை ஊழியரே சொல்லிவிடுவதுண்டு. நிலம் யாருடையது என்பது வேறு, பறவை யாருடையது என்பது வேறு. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். ஆனால் பறவை எங்கே இருந்தாலும் வனவிலங்குச் சட்டம் அதன் கூடவே போகும். உங்கள் சொந்த வயலில் இறங்கிய கொக்கைக்கூட நீங்கள் பிடிக்க முடியாது.

இன்னொன்று: ‘ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017 இருக்கிறதே’ என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய ஏரிகளை அந்த விதிகள் வெளியே விட்டுவிடுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராசாதித்தர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் உட்பட நம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்த ரகம். தவறான சட்டத்தைக் காட்டினால் பதில் எழுதும் அதிகாரிக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். 1972 சட்டம் ஒன்றே போதும்.

படி 2: ஏரியைப் படமாக வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் ஏரியை வரைந்து கரை, மதகுகள், கலிங்கு, வரத்து வாய்க்கால், உள்வாய், கருவேலந்திட்டு, நாணல் புதர் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு இரண்டு சக்கர வண்டி எங்கெங்கே உள்ளே வர முடியும் என்று குறியுங்கள். வேட்டைக்காரரும் நம்மைப் போலவே நடக்க அலுத்துக்கொள்பவர்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் அவர் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

வீராணம் போன்ற ஏரி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். அதை முழுவதும் காப்பேன் என்று ஓர் ஊர் கிளம்பினால் ஒரு மாதத்தில் களைத்துப்போகும். இரண்டு மதகுகளுக்கு இடைப்பட்ட கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த துண்டை அடுத்த ஊர் எடுக்கட்டும்.

எல்லையையும் படத்தில் போடுங்கள். ஊசுட்டேரியின் ஒரு பாதி புதுச்சேரி, மறு பாதி தமிழ்நாடு. பாகூர் பக்கம் போனால் எந்த வயல் எந்த அரசுக்கு உரியது என்பது அந்த ஊர்க்காரருக்கே சில இடங்களில் யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். இந்தப் பக்கம் ஆள் வந்தால் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவது பழைய தந்திரம். எனவே இரண்டு பக்க வனத்துறை எண்களும், இரண்டு பக்கக் காவல் நிலைய எண்களும் முதல் நாளே கைப்பேசியில் இருக்க வேண்டும்.

படி 3: வேட்டை அழுத்தத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எத்தனை பறவை செத்தது என்பது நமக்குத் தெரியவராது. ஆனால் உயிரோடு இருக்கும் பறவைகளின் நடத்தையிலேயே வேட்டையின் அளவு எழுதியிருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் அடையாளம், எவ்வளவு தூரத்தில் எழும்புகிறது என்பது. தொந்தரவில்லாத ஏரியில் நாமக்கோழிக் கூட்டம் கரையில் நடப்பவரைப் பார்த்துச் சற்றே விலகி நீந்தும், அவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய ஏரியில் நீங்கள் கரை ஏறும்போதே மொத்தமும் தண்ணீரைத் தட்டி எழும்பிவிடும். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், வாரம் ஒரு முறை இந்தத் தூரத்தைக் காலடியாலோ கைப்பேசி வரைபடத்தாலோ அளந்து எழுதிவையுங்கள். தூரம் கூடிக்கொண்டே போனால் ஏதோ நடக்கிறது.

இரண்டாவது, பகலில் வாத்துகள் எங்கே இருக்கின்றன என்பது. உள்வாயின் ஆழமில்லாத சேற்றில்தான் அவற்றுக்கு உணவு. அதை விட்டுவிட்டு நடு ஏரியில் பகலெல்லாம் மிதந்துகொண்டிருந்தால், இரை எடுப்பதை இரவுக்கு மாற்றிக்கொண்டுவிட்டன என்று பொருள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு இது பெரும் நட்டம். பங்குனியில் திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை அது இங்கேதான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு மூலை மட்டும் காலியாகிவிடுவது. தண்ணீர் இருக்கிறது, புல் இருக்கிறது, பறவை மட்டும் இல்லை என்றால் அந்த மூலைக்கு நடந்து போய்ப் பாருங்கள். பிடுங்கிப் போட்ட இறகுக் குவியல், கம்பு நட்ட துளைகள், வெட்டிய நைலான் துண்டு, செங்கல் வைத்து மூட்டிய அடுப்பின் சாம்பல், ஏதாவது ஒன்று கிடைக்கும்.

எண்ணிக்கையும் வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இரண்டிலும் உங்கள் ஏரியைச் சேர்த்துவிடுங்கள். இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றிய கணக்கை நாளைக்கு எந்த அதிகாரியும் ‘இங்கே பறவையே வருவதில்லை’ என்று சொல்லி ஒதுக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: நாரைகள் கூடு கட்டும் திட்டு, அரிய பறவை இரவு தங்கும் மரம் ஆகியவற்றின் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அதைப் படிப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போன்றவர்கள் அல்லர்.

படி 4: கருவிகளை அடையாளம் காணுங்கள்

வலைதான் இங்கே முதன்மையானது. சீழ்க்கைச் சிறகிகள், ஊரில் சிறவி என்பார்களே, அவை பொழுது சாய்ந்ததும் ஏரியிலிருந்து நெல்வயலுக்குப் பறக்கும், விடியலில் திரும்பும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே வழி. அந்த வழியில் இரண்டு நீளமான சவுக்குக் கம்புகளை நட்டு, நடுவே கறுப்பு நைலான் வலையைத் தொங்கவிடுகிறார்கள். பகலில் பத்தடி பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்கழிக் காலையில் மட்டும் பனித்துளி கோத்து முழு வலையும் வெள்ளையாகத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மறைந்துவிடும். அதனால்தான் காலை ஆறு மணிக்குக் கரை நடை போகச் சொல்கிறேன். அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில் கூடுதலாகக் கவனியுங்கள்.

கண்ணி தரையோடு தரையாக இருக்கும். நாணல் புதருக்குள் கானாங்கோழியும் தாழைக்கோழியும் நடந்து நடந்து ஒற்றையடித் தடம் போட்டிருக்கும். அதன் குறுக்கே குச்சிகளை நட்டு நைலான் சுருக்கு வைத்திருப்பார்கள். குச்சிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். இயற்கையில் அப்படி எதுவும் முளைப்பதில்லை.

பழக்கிய கொக்கைக் கட்டிவைத்து மற்றவற்றை இறக்குவது இன்னொரு முறை. அந்தக் கொக்கின் இமைகளை நூலால் தைத்துவிடுவார்கள். பதிவு செய்த பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு ஈர்ப்பதும் இப்போது உண்டு. இரவில் வயல் நடுவே ஒரே குரல் மாறாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

ஏர்கன் பற்றி ஒரு வார்த்தை. குறைந்த திறன் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அதைக் கொண்டு பறவை சுடுவதும் குற்றமில்லை என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது ஆயுத விதி. பறவையைச் சுடக் கூடாது என்பது வனவிலங்குச் சட்டம். காரில் வந்து சுட்டாலும் கால்நடையாக வந்து சுட்டாலும் தண்டனை ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் கொடியது விஷம். பூச்சிக்கொல்லியில் ஊறவைத்த நெல், குருணை மருந்து திணித்த மீன் அல்லது நத்தை. இதில் பிடிக்க நினைத்த பறவையோடு காகம், பருந்து, நாய் எல்லாம் சாகும். அந்தக் கறி யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறதோ அங்கேயும் மருந்து போகிறது. செத்த பறவைகளும் செத்த நாயும் ஒரே இடத்தில் கிடந்தால் விஷம் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனால் பறவைக் காய்ச்சலிலும் கூட்டமாகச் சாவது உண்டு. எதுவாக இருந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது அவர்கள் வேலை. புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

படி 5: கண்ணில் பட்டால் என்ன செய்வது

ஆள் இருந்தால் கிட்டே போகாதீர்கள். கையில் துப்பாக்கி இருக்கலாம், கத்தி நிச்சயமாக இருக்கும். தூரத்திலிருந்து வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கும் 112-க்கும் பேசுங்கள். அழைத்த நேரத்தையும் எழுதிவையுங்கள்.

ஆளில்லாத வலை என்றால் முதலில் படம். அகலமாக ஒன்று, பின்னணியில் மதகோ மின்கம்பமோ தெரியும்படி, கிட்டத்தில் ஒன்று, சிக்கிய பறவை தெரிய ஒன்று. கைப்பேசியில் இடத் தகவல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், நீதிமன்றத்துக்கு அதுதான் வேண்டும். வலையை அறுத்து எறிந்துவிட்டு வந்தால் அன்றைக்கு மனத்துக்குத் திருப்தியாக இருக்கும். மறுவாரம் புது வலை வந்துவிடும், வழக்குக்கு மட்டும் சான்று இருக்காது. முடிந்தவரை வனத்துறை ஆள் வந்து கைப்பற்றுவதற்குக் காத்திருங்கள்.

பறவை உயிரோடு துடித்துக்கொண்டிருந்தால் தொலைபேசியில் அனுமதி கேட்டுவிட்டு விடுவியுங்கள். துண்டால் தலையை மூடினால் பாதி அடங்கிவிடும். கொக்கு, நாரை, வக்கா ஆகியவை கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். அலகை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் காலிலிருந்து தொடங்கி வலையைக் கழற்ற வேண்டும். சிறகில் முறுக்கிக்கொண்ட இழையை இழுக்கவே கூடாது, சிறு கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காயமில்லை என்றால் அங்கேயே தண்ணீர் ஓரத்தில் விட்டுவிடலாம். காயம் என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து ஒப்படையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கும் எண்ணம் வேண்டாம். வேட்டையில் பிடிபட்ட பறவை அரசுச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பிடிபட்டவர்களின் முகத்தைப் படமெடுத்து ஊர் குழுவில் பரப்புவது, அடிப்பது இரண்டையும் அடியோடு தவிருங்கள். வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

படி 6: எழுத்தில் கொடுங்கள்

தொலைபேசிப் புகார் காற்றோடு போய்விடும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் மனு எழுதுங்கள்: ஏரியின் பெயர், கிராமம், வட்டம், தேதி, நேரம், பார்த்தது என்ன, படங்கள், முன்பு எந்தெந்த நாளில் தகவல் கொடுத்தீர்கள், இப்போது கேட்பது என்ன. ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடித்தால் எதுவும் நடக்காது. ‘நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் இரண்டு நாள் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை ரோந்து’, ‘மூன்றாம் மதகுப் பாதையில் வண்டி போகாதபடி தடுப்புக் கல்’, ‘கரையின் இரு முனைகளிலும் தண்டனை விவரத்துடன் பலகை’ என்று எண்ணிக் கேளுங்கள்.

கடலூர்ப் பக்கம் மாவட்ட வன அலுவலருக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒரு பிரதி, ஏரியை வைத்திருக்கும் நீர்வளத் துறைப் பொறியாளருக்கு ஒரு பிரதி. ரசீது எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டங்கள் வலசைப் பருவத்தின் வாசலில் வருவதால் தீர்மானம் போட அவைதான் உகந்தவை.

புதுச்சேரியில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. எனவே கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர், தொகுதி எம்.எல்.ஏ., வனத்துறை என்று நேராகப் போக வேண்டியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து கூடி எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

கும்பலாகச் செய்யும் வியாபாரம், வெளிமாவட்டத்துக்குச் செல்லும் சரக்கு என்று தெரிந்தால் மத்திய அரசின் வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் எழுதலாம்.

படி 7: வாங்குபவரை நிறுத்துங்கள்

வேட்டைக்காரர் தன் வீட்டுக்காக மட்டும் பிடித்தால் ஒரு வலை போதும். பத்து வலை கட்டுகிறார் என்றால் எங்கோ ஒரு கடாய் காத்திருக்கிறது. மதுக்கடையை ஒட்டிய தின்பண்டக் கடைகள், சாலையோர உணவகங்கள், ‘காட்டுக்கறி கிடைக்கும்’ என்று கைப்பேசியில் மட்டும் சொல்லும் இடைத்தரகர்கள் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. காடை என்ற பெயரில் வறுத்து வைப்பதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தோலுரித்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. தொடை எலும்பு நீளமாக, ஒல்லியாக இருந்தால் அது பெரும்பாலும் மடையானோ உண்ணிக்கொக்கோதான்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஊரில் மரியாதை உள்ள இருவர், தனியாகப் போய், மூன்றே செய்திகளைச் சொல்ல வேண்டும். வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். விஷம் வைத்துப் பிடித்த பறவையைச் சாப்பிட்டவர் மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேள்வி வருவது கடைக்குத்தான். அடுத்த முறை எழுத்துப் புகார்தான். இதற்குப் பிறகும் விற்றால் படி 6. வாடிக்கையாளரிடம் பாவ புண்ணியம் பேசுவதைவிட மருந்து கலந்த கறி என்ற செய்தி வேகமாக வேலை செய்கிறது, அது உண்மையும்கூட.

விசேஷங்களுக்கு ‘சிறவிக் கறி’ கேட்டுச் சொல்லி அனுப்பும் பெரிய மனிதர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பேரைக் கிராம சபையில் எடுக்க யாருக்கும் வாய் வராது. அவர்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பறவைக் கணக்கெடுப்புக்கு அழைத்துப் போவது நான் கண்டவற்றில் நல்ல வழி.

படி 8: பிடிப்பவரோடு பேசுங்கள்

பறவை வேட்டை என்றதும் நரிக்குறவர், இருளர் என்று விரல் நீட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பொய் வழக்குகளால் மிக அதிகம் பட்டவர்கள் இந்த மக்கள். வலை வாங்கப் பணம் கொடுப்பவர், கறியை எடுத்துப்போகும் வண்டிக்காரர், பொழுதுபோக்குக்குச் சுடுபவர் ஆகியோர் எந்தச் சாதியிலும் இருக்கிறார்கள். யாரென்று பார்க்காமல் யாரையும் எழுதாதீர்கள்.

வயிற்றுக்காகப் பிடிப்பவரிடம் வேறு வேலை இல்லாமல் ‘விடு’ என்றால் விடமாட்டார். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012 வரை அமூர் வல்லூறுகளைப் பெருங்கூட்டமாக வலையில் பிடித்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் பாங்டி கிராமத்தார் தாமே தடை போட்டார்கள். மறு ஆண்டே வேட்டை நின்றது, பிறகு அந்தப் பறவைகளைப் பார்க்கவே வெளியூர்க்காரர் வரத் தொடங்கினார்கள். நம் ஏரிகளில் அந்த அளவு சுற்றுலா வருமானம் வராது. ஆனால் பறவை எந்த வழியில் பறக்கும், எப்போது இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. வேட்டைத் தடுப்புக் காவலர், கணக்கெடுப்புத் துணை, படகு ஓட்டுநர் என்ற பருவ வேலைகளில் அவர்களில் இருவருக்கு இடம் கேட்டு மனுவிலேயே எழுதுங்கள்.

படி 9: விவசாயியும் மீன் குத்தகைதாரரும்

நீலத்தாழைக்கோழி நாற்றை மிதித்துக் கடித்துப் போடுகிறது, சிறவி நேரடி விதைப்பு வயலில் விதையைப் பொறுக்குகிறது. இந்தப் புகார் பொய்யில்லை, இதைக் காதில் வாங்காமல் பறவைப் பாதுகாப்பு பேசினால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஏரியை ஒட்டிய வயல்களில் நேரடி விதைப்புக்குப் பதில் நடவு, முளைத்து வரும் வரை முதல் இரண்டு வாரம் பளபளக்கும் நாடா, இரவு முறைக்காவல் ஆகியவை பெருமளவு உதவும். குருணை மருந்தைப் பறவைக்கு வைப்பது வேட்டைதான் என்பதைப் பாசனச் சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும்.

மீன் குத்தகைதாரர் நீர்க்காகத்தை விரட்ட வெடி போடுகிறார். ஒரு வெடிக்கு நீர்க்காகம் மட்டும் எழும்புவதில்லை, மொத்த ஏரியும் எழும்புகிறது. அவர் போட்டுவிட்டுப் போகும் வலையில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் மூழ்கிச் சாகின்றன. மாலையில் வலையைத் தூக்கிக் காலையில் போடச் சொல்லலாம். பழைய வலையை ஏரியில் விடாமல் கரையேற்றச் சொல்லலாம்.

படி 10: ஒரு மூலையைச் சும்மா விடுங்கள்

வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது இது ஒன்றுதான். அமெரிக்காவில் வலசைப் பறவைகளுக்கான புகலிடமாக வாங்கப்பட்ட தேசியக் காப்பகங்களில் நீர்ப்பறவை வேட்டைக்குத் திறந்துவிடும் பரப்பு பொதுவாக 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொது ஈரநிலங்கள் பலவற்றில் வாரத்தில் சில நாட்கள் மட்டும், அதுவும் நண்பகல் வரை மட்டும் சுடலாம். துப்பாக்கிக்காரருக்கே அங்கே இப்படிக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், ஓயாமல் கலைக்கப்படும் பறவை அந்த ஏரியையே விட்டுப் போய்விடும் என்று தெரிந்ததால்.

நம் ஏரியில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் கலைப்பவர்கள் குறைவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் எழும்பும் படத்துக்காகக் கல் எறிபவர், ட்ரோன் விடுபவர், உள்வாயில் வண்டி ஓட்டிப் பார்ப்பவர். ஏரியில் ஐந்தில் ஒரு பங்கையாவது, நாணலும் ஆழமில்லாத சேறும் சேர்ந்த மூலையாகப் பார்த்து, கார்த்திகை முதல் மாசி வரை யாரும் இறங்காத இடமாக ஊரே ஒப்புக்கொள்ளட்டும். மாடு மேய்ப்பவருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். மாட்டைப் பார்த்துப் பறவை பயப்படுவதில்லை, உண்ணிக்கொக்கு அதன் முதுகிலேயே வரும். வேட்டைக்காரர் உள்ளே வந்தால் முதலில் பார்ப்பவரும் மேய்ச்சல்காரர்தான்.

எந்த மாதத்தில் எது

புரட்டாசியில் வரைபடம், எண்கள், கடைக்காரர் சந்திப்பு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை காலை, மாலைக் கரை நடை. நாலு பேர் முறை வைத்தால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும், அதற்கு மேல் யாரையும் கசக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. அப்போதுதான் தண்ணீர் வற்றி ஒன்றிரண்டு குட்டையாகச் சுருங்கும், மிச்சமிருக்கும் உள்ளூர்ப் பறவை அத்தனையும் அங்கே நெருக்கியடித்து நிற்கும், ஒரே வலையில் கூட்டமே போகும். ஆடிக்குப் பின் மேட்டூர்த் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரத் தொடங்கினால் அங்கே மட்டும் வேலை முன்னதாக ஆரம்பிக்கும்.

மீன்பாசி ஏலம் (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) எப்போது என்று அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெடி போடக் கூடாது, ஒதுக்கிய மூலையில் வலை கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஏல அறிவிப்பிலேயே சேர்க்கக் கோரும் மனு அதற்கு ஒரு மாதம் முன்னால் போய்ச் சேர வேண்டும். குத்தகை கையெழுத்தான பிறகு போனால் அடுத்த ஏலம் வரை காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள்.